மூன்று ஊர், ஒரே கணக்கு: கலேரா கிளஸ்டரைப் பிசகாமல் ஓட்டுவது எப்படி

கோவையில் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரிய கிடங்கு இங்கே. கிளைகள் திருப்பூரிலும் ஈரோட்டிலும். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் தனி டேட்டாபேஸ். இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் கோவைக்கு அனுப்பி ஒன்றாக்குவோம். கிடங்கில் 40 பெட்டி இருக்கிறது என்று நம்பி ஈரோட்டில் ஆர்டர் எடுப்பார்கள். அதே 40 பெட்டியைத் திருப்பூர்க்காரர்கள் காலையிலேயே விற்றிருப்பார்கள். மறுநாள் காலை யார் யாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்பது என்பதே பெரிய பஞ்சாயத்து.

இப்போது மூன்று ஊரிலும் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் நிரல் ஓடுகிறது, கலேரா என்ற இணைப்பு நிரல் மூன்றையும் ஒரே கிளஸ்டராக, அதாவது ஒரே கூட்டமாகக் கட்டி வைத்திருக்கிறது. எந்த ஊரில் எழுதினாலும் மற்ற இரண்டிலும் அப்போதே இருக்கும். இதை நிறுவ ஒரு நாள் போதும். விழுந்தால் தூக்கி நிறுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு இரவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயின. அதனால் நிறுவுவதைச் சுருக்கமாகவும் விழுந்தபின் செய்ய வேண்டியதை விரிவாகவும் எழுதுகிறேன். அமைப்புகளின் பெயர்களைத் தமிழெழுத்தில் ஒலியாகத்தான் தருகிறேன். தட்டும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா? எழுதுவது ஒரே இடத்தில், மற்ற ஊர்க்காரர்கள் அறிக்கை மட்டும் பார்க்கிறார்கள் என்றால் சாதாரண ரெப்ளிகா போதும். ஒன்று எழுதும், மற்றது பின்னாலேயே நகலெடுக்கும். கலேரா வேண்டியது, மூன்று இடத்திலும் எழுத வேண்டும், ஓர் ஊர் விழுந்தாலும் மற்றவர்கள் பில் போட வேண்டும் என்கிற நிலையில்தான்.

இரண்டு ஊர் போதாதா என்று முதலாளி கேட்டார், மூன்றாவது சர்வருக்குக் காசு ஆகிறதே என்று. போதாது. இரண்டுக்கும் நடுவில் லைன் அறுந்தால், மற்றவன் செத்துவிட்டானா, லைன்தான் போச்சா என்று எந்தப் பக்கத்துக்கும் தெரியாது. இரண்டும் தொடர்ந்து எழுதினால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் கலேரா பெரும்பான்மை பார்க்கும். கடைசியாக ஒன்றாக இருந்தவர்களில் பாதிக்கு மேல் யார் பக்கம் இருக்கிறார்களோ அவர்கள் தொடரலாம், மற்றவர்கள் எழுதுவதை நிறுத்த வேண்டும். இருவரில் ஒருவர் சரிபாதிதான், எனவே அவரும் நின்றுவிடுவார். மூன்றாவது ஊரில் முழு சர்வர் வைக்க வசதியில்லை என்றால் கார்ப்டி என்ற நடுவர் நிரலை ஒரு சின்னக் கணினியில் ஓட்டலாம். அது தரவை வைத்துக்கொள்ளாது, ஓட்டு மட்டும் போடும். ஆனால் அதை மூன்றாவது இடத்தில் வையுங்கள். கோவையிலேயே வைத்தால் கோவையில் கரண்ட் போகும்போது இரண்டு ஓட்டு ஒன்றாகப் போய்விடும்.

அடுத்தது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். கோவையிலிருந்து ஈரோடு நூறு கிலோமீட்டர், போய்வர ஒரு மில்லிநொடி என்று கணக்குப் போட்டிருந்தேன். பிங் அடித்துப் பார்த்தால் 18. இரண்டு ஊரிலும் வெவ்வேறு கம்பெனி லைன். பக்கத்து ஊருக்குப் போக வேண்டியது சென்னையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் (எழுதியதை உறுதிசெய்யும் கட்டளை) இந்த 18 மில்லிநொடியைக் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் பழைய பில்லிங் நிரல் பில்லில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகக் கமிட் செய்துகொண்டிருந்தது. 12 மருந்து உள்ள பில்லுக்கு 216 மில்லிநொடி. பில் முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனாக, அதாவது கடைசியில் ஒரே ஒரு கமிட் உள்ள தொகுப்பாக மாற்றியதும் 18 ஆகிவிட்டது. எனவே நிறுவுவதற்கு முன்பே உங்கள் நிரலைத் திறந்து கமிட் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நிறுவும் முன் செய்ய வேண்டிய வீட்டு வேலைகள் சில உண்டு. எல்லா அட்டவணையும் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையில் இருக்க வேண்டும். பழைய மைஐசாம் வகை அட்டவணைகளைக் கலேரா முறையாகக் கொண்டுபோகாது. எல்லாவற்றுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) வேண்டும். எங்களிடம் 2011-இல் யாரோ உருவாக்கிய ஓர் அட்டவணையில் அது இல்லை, நான் கவனிக்கவும் இல்லை, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று சர்வரிலும் ஒரே பதிப்பு மரியாடிபி இருக்கட்டும். ஃபயர்வாலில் நான்கு வாசல் (போர்ட்) திறக்க வேண்டும்: 3306 வழக்கமானது, 4567 நோட்கள் (கிளஸ்டரில் உள்ள சர்வர்கள்) தங்களுக்குள் பேசிக்கொள்ள, 4568 விட்டுப்போன பகுதியை மட்டும் வாங்க, 4444 முழு நகல் வாங்க. 4567-க்கு யுடிபி-யும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். இவற்றைப் பொது இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். நாங்கள் மூன்று ஊரையும் வயர்கார்டு விபிஎன்-னில் (இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை) கட்டியிருக்கிறோம்.

அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியது அதிகமில்லை. டபிள்யூஎஸ்ரெப் ஆன் என்பதை இயக்க வேண்டும். கிளஸ்டர் அட்ரஸில் மூன்று ஐபி-யையும் மூன்று சர்வரிலும் எழுத வேண்டும். பின்லாக் ஃபார்மட் ரோ, இன்னோடிபி ஆட்டோஇன்க் லாக் மோடு 2, முழு நகல் முறைக்கு மரியாபேக்அப். முழு நகலுக்கு ஆர்சிங்க் முறையும் உண்டு. ஆனால் அதில் நகல் கொடுக்கும் சர்வர் முடியும்வரை எழுத விடாது. பகலில் அது வேலைக்கு ஆகாது.

முதல் சர்வரில் மட்டும் கலேரா நியூ கிளஸ்டர் என்ற கட்டளை. மற்ற இரண்டிலும் வழக்கம்போல் மரியாடிபி-யைத் தொடங்கினால் போதும். அவையே வந்து சேர்ந்து முழு நகலை வாங்கிக்கொள்ளும். அந்தக் கட்டளைக்கு, வேறு யாரும் இல்லை, நானே புதிதாகத் தொடங்குகிறேன் என்று பொருள். தப்பான நேரத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, ஸ்டேட்டஸில் மூன்று வரிகள். கிளஸ்டர் சைஸ் 3, கிளஸ்டர் ஸ்டேட்டஸ் பிரைமரி, லோக்கல் ஸ்டேட் கமென்ட் சிங்க்டு. மூன்று ஊரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஓர் ஊரில் சைஸ் 1, ஸ்டேட்டஸ் பிரைமரி என்று வந்தால் அவன் தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கு அலாரம் வைத்துவிடுங்கள்.

ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் வந்த புகார்: "அக்கா, பில் சேவ் பண்ணும்போது டெட்லாக்னு வருதுங்க." பிழை எண் 1213. கலேராவில் இது நோய் இல்லை, வேலை செய்யும் விதமே அப்படி. கோவையிலும் ஈரோட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே பேட்ச் இருமல் மருந்தின் இருப்பைக் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் அவரவர் சர்வரில் தடையில்லாமல் எழுதுகிறார்கள். பூட்டு எதுவும் ஊர் தாண்டிப் போகாது. கமிட் அடிக்கும்போதுதான் இரண்டு மாற்றமும் எல்லோருக்கும் போகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கிடைக்கும். முன் எண் கிடைத்தவர் ஜெயித்தார். பின்னால் வந்தவர் அதே வரியைத் தொட்டிருப்பதால் தள்ளுபடி. நிரலில் 1213 வந்தால் டிரான்சாக்ஷன் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்; நான் மூன்று தடவை வரை முயல விட்டிருக்கிறேன். கூடவே, கிளை இருப்பைக் கிளைவாரியாகத் தனி வரிகளாகப் பிரித்தோம். அதன்பிறகு கிடங்கு இருப்பில் மட்டும்தான் மோதல். நாளைக்கு ஐந்தாறு தடவை வரும், யாருக்கும் தெரியாமல் போகும்.

எங்கள் கணக்கர்தான் அடுத்ததைப் பிடித்தார்: பில் எண் 1, 4, 7 என்று தாவுகிறது. மூன்று நோட் இருந்தால், தானே எண் கொடுக்கும் ஆட்டோ இன்க்ரிமென்ட் மூன்று மூன்றாகத்தான் ஏறும், இரண்டு ஊர் ஒரே எண்ணைக் கொடுத்துவிடாமல் இருக்க. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகாமல். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அதே விதி அனுமதிக்கிறது. எனவே கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றுக்கும் தனி முன்னெழுத்து, தனி வரிசை, அதற்கு ஒரு சிறிய எண் அட்டவணை. ஆட்டோ இன்க்ரிமென்டை உள்வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். எல்லா இடத்திலும் அப்போதே இருக்கும் என்று மேலே சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு. மாற்றம் எல்லோர் கைக்கும் வந்து சேர்வது கமிட்டுக்கு முன்பே நடந்துவிடும். அதை எடுத்து அட்டவணையில் எழுதி முடிக்க மற்ற ஊருக்குச் சில மில்லிநொடி கூடுதலாக ஆகலாம். கடன் வரம்பு பார்க்கிற மாதிரி இடங்களில் அது ஆபத்து. அந்த ஒரு கேள்விக்கு முன் மட்டும் டபிள்யூஎஸ்ரெப் சிங்க் வெயிட்டை 1 ஆக்கினால், வந்ததையெல்லாம் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும். எல்லாவற்றுக்கும் போட்டால் நிரல் ஆமையாகிவிடும்.

வேகமும் மூவருக்கும் பொதுதான். ஈரோட்டில் பழைய சுழலும் டிஸ்க் இருந்தது. அங்கே எழுத வேண்டியது வரிசையில் தேங்கினால், கொஞ்சம் நில்லுங்கள் என்று மற்ற இரண்டுக்கும் சொல்லிவிடும். ஃப்ளோ கன்ட்ரோல் பாஸ்டு என்ற எண் 0-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எங்களுக்கு 0.3 காட்டியது. கோவையில் பில் மெதுவாகிறது என்று கோவை சர்வரையே இரண்டு நாள் நோண்டினேன். ஈரோட்டுக்கு எஸ்எஸ்டி போட்டதும் சரியாகிவிட்டது. பழைய பதிவுகளை அழிப்பதென்றால் ஆயிரம் ஆயிரமாக அழியுங்கள். அட்டவணை அமைப்பை மாற்றுவதென்றால் கடை மூடிய பிறகு. அதற்கான ஆல்டர் கட்டளை ஓடும்போது அது மூன்று ஊரையும் சேர்த்து நிறுத்தும்.

ஜிகேஷ் (அண்மை மாற்றங்களை ஒவ்வொரு நோட்டும் சேர்த்து வைக்கும் இடம்) அளவை நிறுவும்போதே கூட்டிவிடுங்கள். ஒரு நோட் சற்று நேரம் விழுந்து எழுந்தால், விட்டுப்போன மாற்றங்களை மற்றவர்களின் ஜிகேஷிலிருந்து வாங்கிக்கொள்ளும். அங்கே இல்லையென்றால் முழு நகல்தான். எங்கள் டேட்டாபேஸ் 38 ஜிபி, லைன் 50 எம்பிபிஎஸ். முழு நகலுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் 1 மணி 40 நிமிடம். ஜிகேஷ் இயல்பாக 128 எம்பி. பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு 110 எம்பி மாற்றம் ஓடுகிறது (ரெப்ளிகேட்டட் பைட்ஸ், ரிசீவ்டு பைட்ஸ் இரண்டையும் கூட்டி, ஒரு மணி நேர இடைவெளியில் கழித்துப் பாருங்கள்). ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனாலே முழு நகல் என்றால் கட்டுப்படியாகுமா? 2 ஜிபி-யாக ஆக்கினேன், 18 மணி நேரம் தாங்கும்.

சரி, அந்த இரவு.

மாலை ஆறரைக்கு மழை, மூன்று ஊரிலும் கரண்ட் இல்லை. திருப்பூரில் யுபிஎஸ் பேட்டரி பழசு, இருபது நிமிடத்தில் சர்வர் அணைந்தது. கோவையும் ஈரோடும் ஜெனரேட்டரில் ஒரு மணி நேரம் பில் போட்டார்கள்; மூன்றில் இரண்டு, பெரும்பான்மை இருக்கிறது. அப்புறம் ஈரோட்டில் டீசல் தீர்ந்தது. இருவரில் ஒருவராக நின்ற கோவை, முறைப்படி எழுதுவதை நிறுத்திக்கொண்டது. பிழை எண் 1047. கடையில் இருந்தவர்கள் சர்வர் ஹேங் என்று முடிவுசெய்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார்கள்.

முதலில் கரண்ட் வந்தது திருப்பூரில். அங்கே இருக்கும் தம்பி அழைத்தான்: "அக்கா, கரண்ட் வந்திருச்சுங்க, சர்வரும் ஓடுது, ஆனா பில் ஏறலைங்க. வண்டி நிக்குதுங்க." கலேரா தன் பழைய கூட்டாளிகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மூன்றும் திரும்பி வந்து ஒன்றையொன்று பார்த்திருந்தால் தானே எழுந்திருக்கும். நான் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து, நோட் தன் கடைசி நிலையைக் குறித்து வைக்கும் கிராஸ்டேட் கோப்பில் சேஃப் டு பூட்ஸ்ட்ராப் (இதை வைத்துத் தொடங்கலாம்) என்பதை 0-விலிருந்து 1 ஆக்கி, கலேரா நியூ கிளஸ்டர் அடித்தேன். பில் ஏறியது. அடுத்த தோசைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கோப்பு 0 என்று சொன்னது காரணமாகத்தான். கடைசியாக, ஒழுங்காக விடைபெற்றுப் போன நோட்டில் மட்டுமே அது 1 ஆக இருக்கும். முதலில் செத்த திருப்பூருக்குக் கடைசி ஒரு மணி நேரத்துப் பில்கள் தெரியவே தெரியாது. நான் அதைத்தான் தலைவனாக்கியிருந்தேன்.

ஒன்பது மணிக்குக் கோவை எழுந்தது, சேர மறுத்தது. என் வரிசை எண் கூட்டத்தின் எண்ணைவிடப் பெரியது, தரவு போய்விடக் கூடாது என்று நிறுத்துகிறேன், தொடர வேண்டுமானால் கிராஸ்டேட் கோப்பை நீக்கு என்று பதிவில் எழுதியிருந்தது. அந்த யோசனையை மட்டும் அந்த இடத்தில் கேட்காதீர்கள். நீக்கியிருந்தால் திருப்பூரின் நகல் கோவையின் மேல் ஏறி, ஒரு மணி நேரத்து வியாபாரம் காணாமல் போயிருக்கும். எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது வேறொன்று. திருப்பூரில் இன்னும் கொஞ்ச நேரம் பில் போட்டு அதன் எண் கோவையின் எண்ணைத் தாண்டியிருந்தால் இந்த எச்சரிக்கையே வந்திருக்காது. கோவை தன் எண்ணிலிருந்து மிச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சமர்த்தாகச் சேர்ந்திருக்கும். இரண்டு ஊரிலும் வேறு வேறு கணக்கு, மேலே சிங்க்டு என்ற பலகை.

மூன்றையும் நிறுத்திவிட்டுக் கலேரா ரெக்கவரி கட்டளையை ஒவ்வொன்றிலும் ஓட்டினேன். கோவை 841207. ஈரோடு 841207. திருப்பூர், நான் போட வைத்த பில்களையும் சேர்த்து, 840931. ஆகவே கோவையை வைத்துத் தொடங்கினேன், ஈரோடு சேர்ந்தது. திருப்பூரின் தரவை முதலில் தனியே நகலெடுத்து வைத்து, அப்புறம் காலியாக்கி, முழு நகல் வாங்க விட்டேன். அந்த இடைப்பட்ட நேரத்தில் அங்கே போட்ட 37 பில்லையும் நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கார்பன் பிரதியைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அதில் நான்கு பில்லின் சரக்கை முந்தின மாலையே ஈரோடு விற்றிருந்தது. மறுபடியும் போன், மறுபடியும் மன்னிப்பு.

பெரிய இடங்களுக்கும் இது வந்திருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தில் இணைப்பு 43 நொடிதான் அறுந்தது. அதற்குள் மேற்குக் கரையில் எழுத ஆரம்பித்துவிட்டது. கிழக்கில் எழுதிய சில நொடிச் சங்கதி மேற்கில் இல்லை. சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்கள் மைஎஸ்க்யூஎல்-லை வேறு முறையில் கட்டியிருந்தார்கள், சிக்கல் இதே குடும்பம்தான்.

ஆக, எல்லாம் விழுந்தபின் செய்ய வேண்டியது இந்த வரிசையில். எதையும் தொடங்காதீர்கள். மரியாடிபி எங்கெங்கே அரைகுறையாக ஓடுகிறதோ அங்கெல்லாம் நிறுத்துங்கள். கிராஸ்டேட் கோப்பைப் பாருங்கள்; சீக்நோ (வரிசை எண்) -1 என்று இருந்தால் அது திடீரென்று செத்த நோட், பயப்பட வேண்டாம். கலேரா ரெக்கவரி ஓட்டி உண்மையான எண்ணை வாங்குங்கள். முன்னால் வரும் நீண்ட அடையாளக் குறி மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எண்களை ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை, ஏற்கெனவே பிரிந்துவிட்டீர்கள். மூன்று எண்ணும் கையில் வந்தபின் எது பெரியதோ அதில் மட்டும் சேஃப் டு பூட்ஸ்ட்ராப் 1, கலேரா நியூ கிளஸ்டர். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சாதாரணமாகத் தொடங்குங்கள், முந்தையது சிங்க்டு ஆன பிறகு அடுத்தது. ஓர் ஊரின் எண் கிடைக்கவே இல்லையென்றால், அது எப்போது விழுந்தது என்று அங்கே இருந்தவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கையால் பில் எழுதச் சொல்லுங்கள். பில் புத்தகம் மூன்று கடையிலும் இருக்கட்டும்.

கிளஸ்டர் இருப்பதால் பேக்அப் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எந்த வரிகள் என்று குறிக்கும் 'வேர்' நிபந்தனையைப் போட மறந்து டெலிட் அடித்தால் அதுவும் 18 மில்லிநொடியில் மூன்று ஊருக்கும் போய்ச் சேரும். தினமும் இரவு மரியாபேக்அப், ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே.

இதையெல்லாம் முதன்முறை உண்மையான சர்வரில் செய்ய வேண்டியதில்லை. லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின் போட்டு, வரிசையாகப் பவரைப் பிடுங்கிப் பாருங்கள். முதலில் செத்ததை வேண்டுமென்றே தலைவனாக்கி, மற்றவை என்ன பதிவு எழுதுகின்றன என்று வாசியுங்கள். திருப்பூர் தம்பி அதை மூன்று தடவை செய்து பழகிவிட்டான். போன மாதம் மறுபடி மூன்று ஊரிலும் கரண்ட் போனது. அவனே அழைத்து, "அக்கா, எங்க நம்பர் சொல்றனுங்க, எழுதிக்கங்க" என்றான்.